ஒரு மைலுக்குப் பதினாறு பிள்ளைகள்: ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணக் கிராமப் பள்ளிகள்

நூறு பிள்ளைகள் இருக்கிற ஓர் ஊரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதை ஒரு மைல் தள்ளி வைத்தால் பள்ளிக்கு வருகிறவர்களில் பதினாறு பேர் குறைந்துவிடுவார்கள். இரண்டு மைல் தள்ளினால் முப்பத்திரண்டு பேர். மூன்று மைல் என்றால் கிட்டத்தட்ட ஊரில் பாதிப் பிள்ளைகள் வீட்டில்தான். பெண் பிள்ளைகள் கணக்கு இதைவிட மோசம்.

இது குத்துமதிப்பாகச் சொன்னதில்லை. ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007, 2008 ஆண்டுகளில் வீடு வீடாகப் போய் அளந்து எடுத்த எண். போர் நடக்கும் நாடுகளில் கல்வி என்று பேச்சு எடுத்தாலே குண்டு விழுந்த கட்டடமும், எரிந்துபோன புத்தகமும், தடை போடும் ஆட்சியாளர்களும்தான் நினைவுக்கு வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், சத்தமே இல்லாமல், தூரம் பிள்ளைகளைச் சலித்து எடுத்துவிடுகிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று கோரில் நடந்த ஒரு சின்ன முயற்சி காட்டியது. குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்பதை அடுத்து வந்த பதினைந்து வருடங்கள் காட்டின.

இடம்

கோர் ஆப்கானிஸ்தானின் நடு மேற்கில் இருக்கும் மலை மாகாணம். வெளியுலகுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் ஹரி ருத் ஆற்றங்கரையில் தனியாக நிற்கும் ஜாம் மினார். 65 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம், 2002-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மினாரைப் பார்க்கப் போவதே பெரிய பாடு. மாகாணத் தலைநகர் சக்சரானுக்கே (இப்போது ஃபிரோஸ்கோ) நல்ல சாலை கிடையாது. பனிக்காலத்தில் மலைக் கணவாய்கள் மூடிக்கொண்டால் கிராமங்கள் வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். மக்கள் பேசுவது தாரி. பிழைப்பு ஆடுமாடும் கொஞ்சம் கோதுமையும்.

இப்படிப்பட்ட இடத்தில் அரசுப் பள்ளி என்றால் நாலைந்து கிராமங்களுக்குப் பொதுவாக ஒன்று. வரைபடத்தில் பார்த்தால் அருகில்தான். நடந்து பார்த்தால்தான் தெரியும். ஏழு வயதுப் பிள்ளை ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டும், மந்தைக்குக் காவலிருக்கும் நாய்களைத் தாண்ட வேண்டும், பனி உருகும் மாதங்களில் ஓடையைக் கடக்க வேண்டும். போகும் வழியில் வேறு ஊர்க்காரர்களின் நிலம் வரும். அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் தண்ணீர்த் தகராறோ பழைய பகையோ இருந்தால் அந்தப் பாதை பிள்ளைக்கு மூடியது போலத்தான். ஆண் பிள்ளையை அண்ணனோடு அனுப்பலாம். பெண் பிள்ளையை? அவளைத் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வயல் வேலை இருக்கிறது. படிப்பின் மேல் அப்பாவுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை, காலையில் எழுந்து அனுப்ப வழி இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால்

2001-இல் நாடு முழுக்கப் பள்ளியில் இருந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அதில் பெண் பிள்ளைகள் இல்லை என்றே சொல்லலாம். தாலிபான் ஆட்சி விழுந்த பிறகு 2002 மார்ச்சில் பள்ளிகள் திறந்தன. ஆப்கானிஸ்தானின் குளிர் மாகாணங்களில் பள்ளி ஆண்டு நவ்ரோஸ் புத்தாண்டை ஒட்டி மார்ச்சில்தான் தொடங்கும். அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 30 லட்சம். உட்கார இடமில்லை, கூடாரத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. அப்புறம் ஒவ்வொரு வருடமும் எண் ஏறிக்கொண்டே போனது. 2018 வாக்கில் ஒரு கோடி என்று சொன்னார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அன்றைய கல்வி அமைச்சகம், மூன்று வருடம் வரை பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளையையும் சேர்க்கைப் பட்டியலில் வைத்திருந்தது. என்றாவது திரும்பி வரலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகவே பதிவேட்டில் இருக்கும் பிள்ளை வேறு, வகுப்பில் இருக்கும் பிள்ளை வேறு. 2018-இல் யுனிசெஃப்பும் அமைச்சகமும் சேர்ந்து எடுத்த கணக்கில், 7 முதல் 17 வயதுக்குள் 37 லட்சம் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள்.

செய்தது என்ன?

2006-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு பணத்தில் நாலு தொண்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின: கேர், கேத்தலிக் ரிலீஃப் சர்வீசஸ், இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டி, ஆகா கான் அறக்கட்டளை. 2011 வரை நடந்த இந்தத் திட்டத்துக்கு அடிப்படை ஒரே யோசனை. பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்க முடியாவிட்டால் பள்ளியை ஊருக்குள் கொண்டுபோ. கோரில் இதை நடத்தியது கேத்தலிக் ரிலீஃப் சர்வீசஸ்.

யோசனை புதிதில்லை. 1990-களில் தாலிபான் முதல் முறை ஆண்டபோதே ஸ்வீடிஷ் கமிட்டி என்ற தொண்டு அமைப்பும் கேரும் கிராமங்களில் இப்படிப் பள்ளிகளை நடத்தியிருந்தன. ஊர்ப் பெரியவர்கள் கேட்டு, இடம் கொடுத்து, பொறுப்பேற்றால் மட்டும் பள்ளி என்ற வழக்கம் அப்போதே வந்துவிட்டது.

கட்டடம் கட்டவில்லை. இது முக்கியம். ஊரே ஓர் அறை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மசூதியில் ஓர் அறை, இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு விருந்தினர் அறை. தரையில் பாய், சுவரில் சாய்த்த ஒரு கரும்பலகை, குளிர் நாளில் அடுப்பு. முதல் வகுப்பில் ஏழு வயதும் இருக்கும், பதினொன்றும் இருக்கும், ஏனென்றால் அந்த ஊரில் அதற்கு முன் முதல் வகுப்பே கிடையாது. புத்தகமும் பாடத்திட்டமும் அரசுடையவைதான். ஆசிரியர் அந்த ஊர்க்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர், கொஞ்சம் படித்தவர். சில இடங்களில் முல்லாவே ஆசிரியர். அமைப்பு அவருக்குப் பயிற்சி கொடுக்கும், பொருட்கள் கொடுக்கும். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று பார்ப்பது ஊர்ப் பெரியவர்களின் சபையான ஷூராவின் வேலை.

ஆசிரியர் உள்ளூர்க்காரர் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நகரத்திலிருந்து அரசு அனுப்பும் ஆசிரியர் அவரைவிட அதிகம் படித்தவராக இருக்கலாம். ஆனால் அவர் யார் மகன், எந்தக் குடும்பம் என்று ஊருக்குத் தெரியாது. உள்ளூர் ஆசிரியரின் அப்பாவையும் தாத்தாவையும் தெரியும். பத்து வயது வரைக்கும் பெண் பிள்ளையை அவரிடம் அனுப்பப் பெற்றோருக்குத் தயக்கம் குறைவு. படித்த பெண் ஒருத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. கோர் போன்ற மாகாணத்தில் கிடைப்பதுதான் அரிது, ஏனென்றால் முந்தைய தலைமுறைப் பெண்களுக்குப் பள்ளியே இருந்ததில்லை.

அளந்து பார்த்தபோது

உதவித் திட்டங்கள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்டு முடிந்துவிடும். இங்கே அப்படி நடக்காமல் போனதற்குக் காரணம் டானா பர்டே, லீ லின்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். எல்லாக் கிராமங்களிலும் ஒரே நேரத்தில் பள்ளி தொடங்க அமைப்பிடம் ஆளும் பொருளும் போதவில்லை. சரி, யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வோம் என்றார்கள். சில கிராமங்களுக்கு 2007-இல் பள்ளி, மீதிக் கிராமங்களுக்கு ஒரு வருடம் கழித்து. இடையில் கிடைத்த அந்த ஒரு வருடத்தில் இரண்டு வகைக் கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். 31 கிராமங்கள், 1,490 பிள்ளைகள். பள்ளிப் பதிவேட்டை நம்பாமல் வீட்டுக்கே போய்ப் பெற்றோரைக் கேட்டார்கள், பிள்ளைகளுக்கு மொழியிலும் கணக்கிலும் சின்னத் தேர்வு வைத்தார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கும் அதே தேர்வுதான்.

காத்திருந்த கிராமங்களில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை ஆண் பிள்ளைகளைவிட 21 சதவீதப் புள்ளி கீழே கிடந்தது. பள்ளி வந்த கிராமங்களில் மொத்தச் சேர்க்கை 42 புள்ளி கூடியது. ஆண் பிள்ளைகளும் கூடினார்கள், பெண் பிள்ளைகள் அதைவிட வேகமாகக் கூடினார்கள். அந்த 21 புள்ளி இடைவெளி ஒரே வருடத்தில் காணாமல் போயிற்று.  பள்ளி பக்கத்தில் வந்தது, பிள்ளைகள் போனார்கள்.

படிப்பு? தேர்வு மதிப்பெண் சராசரியாக 0.51 திட்ட விலக்கம் ஏறியது. இது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை வைத்து அளக்கும் அலகு. பழக்கமில்லாதவர்களுக்கு: பள்ளித் திட்டங்களில் 0.2 வந்தாலே நல்ல பலன் என்று கொண்டாடுவார்கள். இதில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் சேர்த்தி. உண்மையில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை மட்டும் கணக்கிட்டால் 1.2. மதிப்பெண்ணில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளியும் பெரிதும் சுருங்கியது. 2013-இல் முடிவுகள் பொருளாதார ஆய்விதழில் வெளிவந்தன.

இந்தப் பலனில் பெரும்பகுதி கற்பித்தல் முறையின் மகிமை என்று நான் நினைக்கவில்லை. சுழியத்திலிருந்து தொடங்குகிற பிள்ளைக்கு எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே மதிப்பெண் எகிறும். மிகச் சிறந்த ஆசிரியரை ஐந்து மைல் தள்ளி வைத்திருந்தால் இதில் கால்வாசிகூட வந்திருக்காது என்பதுதான் என் கணிப்பு.

ஏன் சின்னது பிழைத்தது?

தூரம் எந்த ஏழை நாட்டிலும் தடைதான். போர் நடக்கும் இடத்தில் அது இரண்டு விதத்தில் கூடுதலாக உறைக்கிறது. ஒன்று, பாதையே ஆபத்து. கண்ணிவெடி, சோதனைச் சாவடி, இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்வது. பிள்ளை வெளியில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீட்டில் இருப்பவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இன்னொன்று கட்டடம். கொடியும் பெயர்ப்பலகையும் உள்ள அரசுப் பள்ளி, அரசை எதிர்க்கிறவர்கள் கண்ணுக்குப் பள்ளியாகத் தெரியாது, அரசாகத்தான் தெரியும். 2018-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்காளர் பதிவும் வாக்குப்பதிவும் பள்ளிக் கட்டடங்களில் நடந்தன. 2017-இல் 68 ஆக இருந்த பள்ளித் தாக்குதல்கள் அந்த ஒரு வருடத்தில் 192 ஆயின. வாக்குச்சாவடிக்கு வேறு இடம் தேட மெனக்கெடாததன் விலை அது. போரில் பள்ளிகளைத் தாக்கக்கூடாது, படைகள் அவற்றை முகாமாக்கக்கூடாது என்று 2015 மே மாதம் ஆஸ்லோவில் பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம் வந்தது, ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. கையெழுத்துப் போட்ட அரசே மூன்று வருடத்தில் பள்ளிக்குள் வாக்குப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது.

மசூதி அறையில் பாய் விரித்து நடக்கும் வகுப்பைத் தாக்குவது அப்படி எளிதில்லை. அது ஊரின் இடம். அங்கே உட்கார்ந்திருப்பது ஊர்ப் பிள்ளைகள், ஒருவேளை துப்பாக்கி தூக்கியவனின் தம்பி தங்கைகளும். நாட்டின் பல பகுதிகளில் பெரியவர்கள் தாலிபானிடமே போய்ப் பேசிப் பள்ளியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியாள் பேசினால் நடக்காத பேச்சு அது. நகரத்தில் நிலைமை வேறு. காபூலின் தஷ்தே பர்ச்சியில் 2021 மே 8 அன்று சையதுல் ஷுஹதா பள்ளி விடும் நேரத்தில் வாசலில் குண்டுகள் வெடித்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுபான்மையினரான ஹஸாரா சமூகச் சிறுமிகள். பெரிய பள்ளி, பெரிய கூட்டம், எல்லோருக்கும் தெரிந்த நேரம்.

புத்தகத்தைப் பற்றி ஒன்று

உதவி என்று வருவதெல்லாம் நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதே நாட்டில் இன்னொரு உதாரணம் உண்டு. 1980-களில் சோவியத் படைகளை எதிர்த்த போரின்போது யுஎஸ்எய்டு பணத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத் திட்டம் ஒன்று ஆப்கான் பிள்ளைகளுக்குப் பாடநூல் தயாரித்தது. 1984 முதல் 1994 வரை சுமார் 5.1 கோடி டாலர் செலவு. அவற்றில் நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்று: கலாஷ்னிகோவ் குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டர். 3,200 மீட்டர் தள்ளி ஒரு ரஷ்யன் நிற்கிறான். முஜாஹித் (சோவியத் படையை எதிர்த்த போராளி) குறி வைத்துச் சுட்டால் குண்டு அவன் நெற்றியை அடைய எத்தனை நொடி?

விடை நாலு. வகுத்தல் கணக்குத்தான், பிள்ளை சரியாகவே போட்டிருக்கும். சோவியத் படை போன பிறகும் இந்தப் புத்தகங்கள் பல வருடம் புழக்கத்தில் இருந்தன, 2002-க்குப் பிறகுதான் வன்முறைப் பகுதிகளை நீக்கி மறுபடி அச்சடித்தார்கள். கோர் பள்ளிகளில் அரசுப் பாடநூலையே பயன்படுத்தியது சோம்பலால் இல்லை என்பது இதைப் படித்தால் விளங்கும். யாருடைய புத்தகம் என்ற கேள்வி இந்த நாட்டில் ஏற்கெனவே ரத்தம் பார்த்தது. அதோடு, அரசுப் பாடத்திட்டம் என்றால்தான் பிள்ளை பின்னால் அரசுப் பள்ளியின் நாலாம், ஐந்தாம் வகுப்பில் சேர முடியும்.

எங்கே ஆட்டம் கண்டது?

துப்பாக்கிக்கு முன்னால் நின்ற இந்தப் பள்ளிகள் காகிதத்துக்கு முன்னால் தடுமாறின. திட்டத்துக்கு முடிவு தேதி உண்டு, பிள்ளையின் படிப்புக்கு அப்படி இல்லை. ஐந்து வருடத் திட்டம் முடியும்போது பள்ளியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சொல்ல எளிது. அரசு விதிப்படி ஆசிரியராக 12-ஆம் வகுப்புக்கு மேல் இரண்டு வருடம் படித்திருக்க வேண்டும். கிராமத்து ஆசிரியரிடம் அந்தத் தகுதி இருக்காது. அவரை எடுத்தால் விதி உடைகிறது, எடுக்காவிட்டால் பள்ளி மூடுகிறது. தகுதி உள்ளவரை நகரத்திலிருந்து அனுப்பலாம், அவர் பனிக்காலத்தில் அந்த மலையில் தங்க மாட்டார்.

சம்பளம் அடுத்தது. கரும்பலகைக்கும் புத்தகப் பைக்கும் பணம் கொடுக்க உலகத்தில் ஆள் உண்டு, புகைப்படம் நன்றாக வரும். மாதச் சம்பளத்துக்குக் கொடுக்க யாருக்கும் ஆசை இல்லை. அது முடிவில்லாத செலவு, அரசின் வேலை என்று ஒதுங்கிவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு வெளிநாட்டுப் பணம் நின்று போய் நாடு முழுக்க ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நின்றபோது, யுனிசெஃப் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் சுமார் 1,94,000 அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2022 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்கு மாதம் 100 டாலருக்குச் சமமான ஆப்கானி நேரடியாகக் கொடுத்தது. எனக்குக் கேட்டால், கட்டடத் திறப்பு விழாக்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த இரண்டு மாதத்துக்கு ஈடாகாது. ஆசிரியர் வண்டி ஓட்டவோ எல்லை தாண்டி ஈரானுக்குக் கூலி வேலைக்கோ போய்விட்டால் திரும்பக் கூட்டி வருவது நடக்கிற காரியமில்லை.

மூன்றாவது, வகுப்பு ஏற ஏறத் தூரம் திரும்பி வந்துவிடுகிறது. ஊருக்குள் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புவரை சமாளிப்பார், முடிந்தால் ஆறுவரை. ஏழாம் வகுப்புக்கு வெவ்வேறு பாடங்களுக்கு வெவ்வேறு ஆசிரியர் வேண்டும், ஆகவே மறுபடி மைல் கணக்கில் நடை. ஆண் பிள்ளை நடப்பான். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு அந்த நடை ஏழு வயதில் இருந்ததைவிடக் கடினம், இந்த முறை ஊர்வாய் வேறு சேர்ந்துகொள்ளும். ஆக, இந்தப் பள்ளிகள் தீர்த்தது தொடக்கக் கல்வியின் தூரத்தை மட்டும். அதற்கு மேலே யாரும் இதே தீவிரத்தோடு யோசித்ததாகத் தெரியவில்லை.

2021-க்குப் பிறகு

அந்த மேல்பாதியைத்தான் புதிய தாலிபான் ஆட்சி முதலில் அடைத்தது. 2021 செப்டம்பரில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆண் மாணவர்களை மட்டும் திரும்ப அழைத்தார்கள். 2022 மார்ச் 23 அன்று பெண்களுக்கும் பள்ளி திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். காலையில் சீருடையோடு வந்தவர்களைச் சில மணி நேரத்திலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் மூடியது, சில நாள் கழித்துப் பெண்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யவும் தடை. 2024 ஆகஸ்டில் யுனெஸ்கோ சொன்ன கணக்கில், தடையால் படிப்பை இழந்த பெண் பிள்ளைகள் குறைந்தது 14 லட்சம்.

ஆறாம் வகுப்பு வரை பெண்களுக்குத் தடை வரவில்லை. கிராமத்து மசூதி அறைகளில் வகுப்புகள் தொடர்ந்தன. பல இடங்களில் அரசுப் பள்ளிகளைவிட இவைதான் தெம்பாக நின்றன, ஏனென்றால் சம்பளம் அரசு கஜானாவிலிருந்து வரவில்லை. முன்பு பலவீனமாகத் தெரிந்தது அந்த ஏறக்குறைய இரண்டு வருடம் பலமாகிப்போனது.

2023 ஜூனில் அதுவும் மாறியது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இந்தச் சமூகப் பள்ளிகளை விட்டு விலகி உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போனது. அவசரமாக நடந்தால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் படிப்பு ஆபத்தில் என்று யுனிசெஃப் எச்சரித்தது, அதில் 3 லட்சத்துக்கும் மேல் பெண் பிள்ளைகள். உத்தரவை மட்டும் பார்த்தால் தவறு சொல்ல இடமில்லை. உள்ளூர் கையில் கொடு என்பதைத்தானே திட்டம் போட்டவர்களும் ஆரம்பத்திலிருந்து சொன்னார்கள்? ஆனால் உள்ளூர் அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வரும், ஆசிரியருக்குப் பயிற்சி யார் தருவார்கள், புத்தகம் மலை ஏறுவது எப்படி என்ற பழைய கேள்விகளுக்கு இரண்டு தரப்பிடமும் பதில் இல்லை. 2011-லேயே பதில் கண்டுபிடித்திருக்க வேண்டியவை அவை.

2023-இல் உலகம் முழுக்க நெருக்கடியால் பாதிக்கப்பட்டுக் கல்வி உதவி தேவைப்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் 22.4 கோடி என்று எஜுகேஷன் கேன்னாட் வெயிட் நிதியம் கணக்கிட்டது. 7.2 கோடி பேர் பள்ளியிலேயே இல்லை. அந்த நிதியம் 2016-இல் இஸ்தான்புல்லில் தொடங்கியது, அவசர உதவியில் கல்விக்கு எப்போதும் கடைசிப் பங்கு என்ற நிலையை மாற்றுவதற்காகவே. சூடானிலும் மாலியிலும் கூடாரமும் வானொலிப் பாடமும் மரத்தடி வகுப்பும் என்று வடிவம் மாறும், கோரில் கேட்ட கேள்வியைத்தான் அங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளி எவ்வளவு தூரம், ஆசிரியருக்கு அடுத்த மாதச் சம்பளம் யார் கொடுப்பார், இந்த வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்பு எங்கே?

ஆப்கானிஸ்தானில் மூன்றாவது கேள்விக்குச் சில சிறுமிகளே ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் செய்திகள் வருகின்றன. ஆறாம் வகுப்பு முடித்தால் வீடுதான் என்று தெரிந்ததும், தேறியவர்களும் மறுபடி ஆறாம் வகுப்பிலேயே வந்து உட்காருகிறார்கள். அதே புத்தகம், அதே பாடம். சில ஆசிரியர்கள் தெரிந்தும் ஒன்றும் சொல்வதில்லை.